துபாய் எத்தனை பழத் தூரம்?

"…கொச்சி ரெண்டு பழத் தூரம், ஏர்போர்ட்டுல காத்துக் கெடக்க ஒரு பழம், அங்கனருந்து துபாய்க்கு ஒரே பழம். சரியா நாலு எடுத்து வச்சிருக்கேண்ணே" என்கிறாள் பக்கத்து சீட்டுக்காரி. உத்தமபாளையத்துப் பெண். மடியில் ஒன்றரை வயது மகள். கொச்சி போகும் எங்கள் பஸ், மலை ஏறுவதற்கு முன்னால் லோயர் கேம்பில் டீக்கு நிற்கிறது.

தூரத்தைப் பழத்தால் அளக்கிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு பழம் கொடுத்தால் மகள் சிரித்துக்கொண்டே வருவாளாம். தவறினால் ஊரைக் கூட்டிவிடுவாளாம்.

"துபாய் அம்புட்டுக் கிட்டயாம்மா?"

"டிக்கெட்டுல போட்டிருக்காகல்ல, பாருங்க. ஆறு மணிக்கு ஏறுனா எட்டரைக்கு எறங்கிரலாம்."

"அந்த எட்டரை துபாய் மணிம்மா. அப்ப நமக்கு மணி பத்து. நாலு மணி நேரம் பறக்கணும்."

நெற்றியில் தட்டிக்கொள்கிறாள். "ஆத்தாடி! தெனமும் எங்க வீட்டுக்காரருக்கு அந்த ஊரு மணி பாத்துத்தேன் போன் போடுறேன், டிக்கெட்டுல கோட்டை விட்டுட்டேனே! ஒரு பழம் கொறையுது. நடு வானத்துல இவ கத்துனா எந்தக் கடைக்கு எறங்கி ஓட?"

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். வாங்கி வரலாம் என்று நான் எழுந்திருக்கிறேன்.

"நீங்க இருங்கண்ணே, உங்க தலையில காயக் கட்டிருவாக" என்றவள், மகளைத் தூக்கி என் மடியில் வைக்கிறாள். "டிரைவரண்ணே, எம்பிள்ள உள்ள இருக்கா, வண்டிய எடுத்துறாதீக!" என்று கத்திக்கொண்டே, செவ்வாழைத் தார் தொங்கும் கடைக்கு ஓடுகிறாள்.