இல்லாத மனைவியின் முட்டு வலி

எழுபதுகளின் கடைசியில் டெல்லி கரோல் பாக்கில் ஒரு மொட்டை மாடி அறையில் தனியாக இருந்தேன். பகலில் சர்க்கார் ஆபீஸ் கேன்டீனில் டீ ஊற்றும் வேலை. பெரிய அதிகாரியைப் போல மூக்கால் பேசிக் காட்டினால் கிளார்க்குகள் உருண்டு சிரிப்பார்கள். அறைக்கு வந்தால் கொடியில் கிடக்கும் சட்டைகூட என்னோடு பேசாது.

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. வேதாகமத்தை எழுத்துக்கூட்டி ஒரு வசனம் முடிப்பதற்குள் கொட்டாவி வந்துவிடும். ஆனாலும் ஆண்டவரிடம் நெருங்க வேண்டும் என்ற ஆசை மட்டும் விடவில்லை. இத்தனை பெரிய டெல்லியில் என்னைத் தெரிந்தவராக அவராவது இருக்கட்டுமே.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தமிழ்ச் சபையார் யாராவது வீட்டில் கூடுவார்கள். சங்கிலி ஜெபம் நடக்கும். வட்டமாக மண்டியிட்டு, ஒருவர் ஜெபித்து ஆமென் சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் தொடங்க வேண்டும். என் முறை வந்தால், "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஆமென்" என்று சூடான டம்ளரைப் போல அடுத்தவரிடம் தள்ளிவிடுவேன்.

சபை மூப்பர் ஜெபித்தால் கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். ஆண்டவருக்கு இப்படிப் பேசினால்தான் பிடிக்கும்போல என்று நினைத்து, நாலு வாரம் காதைக் கொடுத்து, அவர் ஜெபத்தை இருமல் உட்பட மனப்பாடம் செய்தேன். டீ வடிகட்டும்போதெல்லாம் ஒத்திகை.

ஐந்தாவது சனிக்கிழமை மூப்பருக்கு முந்தின இடம் எனக்கு. கண்ணை மூடி எடுத்துவிட்டேன். குரல் கணீரென்று வந்தது. வேகம் பிடித்ததும் நிறுத்த முடியவில்லை.

"அடியேனுக்கு நீர் தந்த அருமை மனைவியின் முட்டு வலியைத் தொட்டுச் சுகமாக்கும். மூத்த மகளுக்கு ஏற்ற வரனைக் கட்டளையிடும்..."

பெண்கள் பக்கம் யாரோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. அந்த முட்டுக்குச் சொந்தக்காரரான மூப்பரின் மனைவி இரண்டடி தள்ளி மண்டியிட்டிருந்தார்.

ஜெபம் முடிந்து காப்பி கொடுக்கும்போது அந்த அம்மா கேட்டார். "தம்பி, எம் முட்டுக்காவ ஜெபிச்சதுக்கு ஸ்தோத்திரம். பொண்டாட்டின்னு சொன்னியே, அதுதான் கொஞ்சம் இடிக்கி."

"எம் மவளுக்கு மாப்பிளயும் பாத்து வச்சிருக்கியால?" என்றார் மூப்பர்.

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.

அறைக்கு வந்து கரி அடுப்பின் முன்னால் உட்கார்ந்து "ஆண்டவரே" என்று ஆரம்பித்தேன். மூப்பர் குரலில் வந்தது. மறுபடி ஆரம்பித்தேன். அதிகாரியின் மூக்குக் குரல் வந்தது. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை போகாமல் இருக்கத்தான் நினைத்தேன். கால் தானாகப் போய்விட்டது. அந்த அம்மா என்னைப் பார்த்ததும், "வா தம்பி, இந்த வாரம் யாரு பொண்டாட்டிக்கு?" என்றார். பிறகு மூப்பர் பக்கத்தில் இடம் காட்டினார்.

என் முறை வந்தது.

"ஆண்டவரே, நாந்தான், டீ ஊத்துறவன். இந்த வாரம் பூரா எல்லாரையும் சிரிக்க வச்சேன். ஒருத்தர்ட்டயும் பேசல. ரூமுல ரொம்ப தனியா இருக்கு. கொஞ்ச நேரம் எங்கூட இருங்க."

ஆமென் சொன்னால் ஆண்டவர் எழுந்து போய்விடுவார் என்று பயமாக இருந்தது. சொல்லவில்லை. அடுத்த முறைக்காரர் மூப்பர். காத்துக்கொண்டிருந்தார், இருமக்கூட இல்லை. வட்டத்தில் யாரும் அசையவில்லை. அந்த அம்மாவும், அந்த வலிக்கிற முட்டோடு, மண்டியிட்டபடியே இருந்தார்.