நல்ல தண்ணீர் உள்ள வீடு

தங்கையின் மகள் கனடாவிலிருந்து ஆறு அறைகளின் படங்களை அனுப்பியிருக்கிறாள். எல்லாம் ஒரே தீவில். "பெரியம்மா, வீட்டுக்குள்ளை கிடந்து என்ன செய்யிறியள்? மூண்டு நாள் கடற்கரையிலை ஆறுதலாய் இருந்திட்டு வாங்கோ. எது பிடிச்சிருக்கெண்டு மட்டும் சொல்லுங்கோ, மிச்சம் நான் பாக்கிறன்" என்று குரல் பதிவு வேறு. அவள் சொல்வதும் சரிதான். சண்டிலிப்பாயில் என் வீட்டில் நாள் முழுக்கச் சத்தம் போடுவது வானொலியும் காகமும்தான். சில வேளை நான் காகத்தோடு கதைப்பதும் உண்டு. அதை அவளுக்குச் சொல்லவில்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றில் துவாயை அன்னம் போல மடித்துக் கட்டிலில் வைத்திருந்தார்கள். அந்த அன்னத்தைக் கலைத்து முகம் துடைக்க எனக்கு மனம் வராது, ஆகவே அது வேண்டாம். இன்னொன்றில் மாடிப்படி, படத்தைப் பார்த்தவுடனேயே முழங்கால் வலித்தது. நாலாவது படத்தில் நீலம் பூசிய பெரிய யன்னல், வெளியே கடல். அதில் என் விரல் நின்றுவிட்டது. அப்படியொரு யன்னலுக்காக நான் ஒரு பொய் சொன்னவள். யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன், கேளுங்கள்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. மருத்துவிச்சிப் படிப்பு முடித்து முதல் வேலை அதே தீவில். எந்தத் தீவென்று சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கிருந்த சனம் இப்போது எந்த நாட்டில் இருந்தாலும் ஆளைப் பிடித்துவிடும். குறிகாட்டுவானில் வள்ளம் ஏறும்போது என்னிடம் ஒரு தகரப் பெட்டி, மருந்துப் பை, அம்மா கட்டித் தந்த மோர்மிளகாய். பைக்குள் டெட்டோல் போத்தலும் மோர்மிளகாயும் ஒன்றாகக் கிடந்ததால் இரண்டும் ஒரே மணம். இன்றும் டெட்டோலைத் திறந்தால் எனக்குப் பசிக்கும்.

அங்கே மருத்துவிச்சிக்கு விடுதி இல்லை. எந்த வீட்டில் தங்குவதென்று நானேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அது என்னுடைய சொந்த விஷயம் என்று நினைத்தேன். என்ன விசரி நான்! தீவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சைக்கிளில் ஒரு மணித்தியாலம். எதிர்காற்றென்றால் அதற்கும் கூட. மிஸ்ஸி, அப்படித்தான் என்னைக் கூப்பிடுவார்கள், எந்தப் பக்கம் தங்குகிறாளோ அந்தப் பக்கத்துப் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குத்தான் நித்திரை வரும்.

மேற்கு முனையில் புவனம் என்றொரு பெண். முதல் பிள்ளையைப் பேற்றிலேயே பறிகொடுத்தவள். இப்போது ஐந்து மாதம். எனக்கென்று ஓர் அறையைச் சுண்ணாம்படித்து, புதுப்பாய் விரித்து வைத்திருந்தாள். "இஞ்சை இருங்கோ மிஸ்ஸி. சமையல், தோய்ச்சல் எல்லாம் நான் பாக்கிறன். நீங்கள் சும்மா இருந்தால் போதும்" என்றாள். நான் அறையைப் பார்த்தேன். கைக்குட்டை அளவு யன்னல். துறையடியில் ஒரு வீட்டை முதல் நாளே பார்த்திருந்தேன். நீல யன்னல், கடல் காற்று, சனிக்கிழமை வள்ளத்துக்கு நாலு எட்டில் போகலாம். எனக்கு அம்மாவின் நினைப்பு. ஊருக்கு ஓடுவதிலேயே கண்.

அதைச் சொல்ல முடியுமா? புவனம் தந்த தண்ணீரில் ஒரு மிடறு குடித்துவிட்டு, "உங்கடை தண்ணி உப்புக்கரிச்சுச் சவராய்க் கிடக்குது. எனக்கு ஒத்துவராது" என்றேன். தீவில் வேறு எந்தச் சாட்டைச் சொன்னாலும் மறுத்துக் கதைப்பார்கள். தண்ணீரைச் சொன்னால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்களே அப்படிச் சொல்லித்தான் தப்பிப் போவார்கள். நான் போய்த் தங்கின துறையடித் தண்ணீர் அதைவிடச் சவர் என்பது வேறு கதை.

புவனம் அதை நம்பிவிட்டாள். அவளுடைய புருஷன் சின்னராசா அவளைவிடக் கூட நம்பிவிட்டார். அடுத்த கிழமையே வீட்டு வளவின் மூலையில் அலவாங்கைப் போட்டுக் கல்லுடைக்கத் தொடங்கினார். "சின்னராசாவுக்கு விசர்" என்று துறையடியில் சிரித்தார்கள். நான் சைக்கிளில் அந்தப் பக்கம் போனபோது அவர் இடுப்பளவு குழிக்குள் நின்றார். புவனம் வயிற்றைப் பிடித்தபடி மேலே நின்று, "உங்களுக்குத்தான் மிஸ்ஸி. உதிலை நல்ல ஊத்து இருக்காம்" என்றாள். அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஏன் வீண் கரைச்சல்?" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை வள்ளத்தில் கால் வைக்கப் போனேன். சின்னராசா சைக்கிளை மதிலோடு போட்டுவிட்டு ஓடி வந்தார். கையில் ஒரு போத்தல். "தண்ணி வந்திட்டுது மிஸ்ஸி! குடிச்சுப் பாருங்கோ."

குடித்தேன். இளநீர் தோற்றுவிடும்.

"அப்ப வாறியளோ? அவளுக்கு நாள் கிட்டுது."

"திங்கள் வாறன் அண்ணை. பெட்டியோடை நேரை உங்கடை வீட்டைதான்."

அன்று பின்னேரமே சோளகக் காற்று எழும்பியது. ஞாயிறு, திங்கள், செவ்வாய், வள்ளம் ஓடவில்லை. புதன்கிழமை போய் இறங்கி, பெட்டியைச் சைக்கிளில் கட்டி, எதிர்காற்றில் மிதித்துப் போனேன். வளவு நிறையச் சனம். முந்தின நாள் மத்தியானம் பிறந்த ஆண்பிள்ளை. கொடி கழுத்தில் சுற்றியிருந்ததாம். நான் இருந்திருந்தால் தப்பியிருக்குமோ, தெரியாது. நான் இருக்கவில்லை.

புவனம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். என் குரல் கேட்டுத் திரும்பினாள். "வெயிலுக்கை வந்திருக்கிறியள். தண்ணி குடியுங்கோ" என்றாள். யாரோ புதுக்கிணற்றில் அள்ளித் தந்தார்கள். குடித்தேன். வேறு என்ன செய்வது?

பிறகு இரண்டு வருஷம் அந்த வீட்டில்தான் இருந்தேன். அடுத்த பிள்ளை, ஒரு பெண், என் கையில்தான் விழுந்தது. ஒவ்வொரு நாளும் அந்தத் தண்ணீரைக் குடித்தேன். அந்தப் பொய்யைப் பற்றி ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை. வேலைமாற்றம் வந்து போனேன். சண்டை வந்து எல்லாரும் ஊரைவிட்டு எழும்பினார்கள். புவனம் ஆட்கள் வள்ளமேறி இந்தியாவுக்குப் போனதாகக் கேள்வி. அதற்கப்பால் ஒரு தகவலும் இல்லை. எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளைக் கையில் ஏந்தின எனக்கும் கடைசியில் காகம்தான் துணை.

நாலாவது படத்தின் கீழிருந்த தொலைபேசி இலக்கத்துக்கு நானே எடுத்தேன். இளம் பொடியனின் குரல்.

"மேற்குப் பக்கம் தங்க ஒண்டும் இல்லையோ தம்பி?"

"அங்கை ஆர் அம்மா இருக்கினம்? வீடுகளே இல்லை. பத்தையும் கல்லும்தான்."

"மிஸ்ஸி எங்கை தங்கிறவ?"

"மிஸ்ஸியோ? காலமை வந்து பின்னேரம் போயிடுவா. பிள்ளைப்பேறெல்லாம் இப்ப யாழ்ப்பாணத்திலைதானே."

பழக்கதோஷம், அதையும் கேட்டுவிட்டேன். "குடிக்கத் தண்ணி எப்பிடி?"

"அதுக்கு யோசிக்காதேங்கோ. மேற்கிலை ஒரு பழங்கிணறு கிடக்குது, தேன் மாதிரித் தண்ணி. அங்கையிருந்துதான் எங்களுக்கு எடுக்கிறது. மிஸ்ஸி கிணறு எண்டு சொல்லுறவை."

வானொலியின் சத்தத்தைக் குறைத்தேன்.

"ஆரோ ஒரு மிஸ்ஸிக்காக வெட்டினதாம். நல்ல மனிசியாய் இருந்திருக்கவேணும், என்னம்மா?"

இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் அதைக் கேட்டு என்னை ஏசவோ மன்னிக்கவோ வேண்டியவள் அந்தத் தீவில் இல்லை. இந்தப் பொடியனிடம் சொல்லி என்ன?

"எத்தினை பேர் வாறியள்?"

"ஒராள்தான்."

"அப்ப அந்தக் கடல் யன்னல் அறையைப் போடட்டோ?"

"வேண்டாம் தம்பி. மேற்குப் பக்கம் பாத்த அறை இருந்தால் தாங்கோ."

"அந்தப் பக்கம் பாக்கிறதுக்கு ஒண்டுமில்லையே, அம்மா."

"ஓம், தெரியும்" என்றேன்.