அவர் நீட்டிய மாத்திரை

சுனாமிக்கு அடுத்த வருஷம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற என் கணவருக்கு மறதி முற்றியது. ரத்தத்தில் சத்துக் குறைவில்லை, வைட்டமின் மாத்திரையால் ஞாபகம் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனசு கேட்காமல் காலடிப்பேட்டை மருந்துக்கடையில் வாங்கித் தினமும் கொடுத்தேன். அவர் விழுங்கியதும், "என் பேரு இன்னா, சொல்லு" என்பேன். விழிப்பார்.

ஒருநாள் விடிய விடிய எழுந்து கதவைத் திறந்துகொண்டே இருந்தார். காலையில் தள்ளாடியபடி மாத்திரையை நீட்டினேன். என் முகத்தையே பார்த்தார்.

"நீ யாருன்னு தெர்லம்மா. ரொம்ப சோர்ந்து கீற. இத நீ போட்டுக்க."

தண்ணீரும் கொடுத்து, நான் விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

அதன்பிறகு நான் அவரிடம் பெயர் கேட்கவில்லை. யாரென்றே தெரியாதவளுக்காகவும் இரங்குகிற மனுஷனோடுதான் இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறேன். அது எனக்கு ஞாபகம் இருந்தால் போதும்.