மெக்சிகோ சிஸ்டருக்கு ஏழு புத்தகங்கள்

1962 செப்டம்பர் 18, செவ்வாய்க்கிழமை. காலை ஏழே முக்காலுக்கு நூலகத்தைத் திறந்தேன். எட்டுக்குள் நாளிதழ்களைக் கழிகளில் கோத்து மேசையில் வைத்தாயிற்று. அட்டெண்டர் பானையில் தண்ணீர் நிரப்பிவிட்டு, வழக்கம்போல் வாசலில் நின்று அரைச் சுருட்டுப் புகைத்தார். ஒன்பது வரை அலமாரிகளைச் சரிபார்த்தேன். இடம் மாறியிருந்தவை நான்கு. என் அன்றைய நாட்குறிப்பில் இதுவரை கையெழுத்து ஒழுங்காக இருக்கிறது. அடுத்த வரி மட்டும் கோணல்: ‘9.10. மெக்சிகோ சிஸ்டர் வந்தார். பட்டியலில் பிழை.’

பெண்கள் பள்ளியில் தையலும் புத்தகக் கட்டு வேலையும் கற்பித்த கன்னியாஸ்திரி அவர். திண்டுக்கல்லுக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மாநிறம். மாணவிகளில் பாதிப் பேர் அவரைக் கோவாக்காரர் என்றும், மீதிப் பேர் மலையாளி என்றும் நம்பினார்கள். இதற்கு ஒரு முடிவு கட்டவே, பள்ளியில் ஒருநாள் தம் நாட்டு விழா நடத்த அனுமதி வாங்கியிருந்தார். பாட்டும் பலகாரமும் அவர் பொறுப்பு. மாணவிகள் படிக்கத் தக்க நூல்களின் பட்டியல் என் பொறுப்பு.

ஒரு வாரம் தேடி ஏழு கண்டுபிடித்தேன். பூகோளப் பாடநூல், ஓர் ஆங்கிலேயரின் பயணக் குறிப்பு, புனிதர் வரலாறு, தமிழில் பெயர்த்த சிறுகதைகள், கடல் வழிகளைப் பற்றி ஒன்று, பாதி கிழிந்த தேசப்படத் தொகுப்பு, ஏழாவதாக ஒரு லத்தீன் செபநூல். எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு மையில் ‘ஸ்பெயின்’ என்று தலைப்பிட்டு, அளவுகோலால் இரண்டு அடிக்கோடு போட்டு, வாசலில் ஒட்டியிருந்தேன்.

சிஸ்டர் தமிழ் கற்றது மடத்துச் சமையல்கட்டுப் பெண்களிடம்.

“ஏய்யா, அம்புட்டுக்கும் மேல ஸ்பெயினுன்னு எழுதியிருக்கீகளே, எதுக்கு?”

“நீங்க பேசுறது ஸ்பெயின் பாஷைதானே சிஸ்டர்?”

“நீங்ககூடத்தான் நல்லா இங்கிலீஷ் பேசுறீக. ஒங்க நெத்தியில இங்கிலாந்துன்னு சீட்டு ஒட்டிருவமா?”

வாசலில் அட்டெண்டர் இருமினார். அது இருமல் அல்ல என்பது எனக்குத் தெரியும்.

“ஸ்பெயின்காரன் வந்தான், ஆண்டான், பாஷைய விட்டுட்டுப் போனான். அவனுக்கு முந்தியே எங்க ஆளுக அங்கிட்டு இருந்தாகய்யா. தக்காளி, மொளகா, இந்தா இவரு வாயில இருக்கே பொகையில, எல்லாம் எங்க பக்கத்துச் சரக்கு. அதையும் எழுதுங்க.”

அட்டெண்டர் சுருட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப முப்பது வருசமா நானும் மெக்சிகோக்காரன்தானா தாயி? வீட்டுல சொன்னா நம்ப மாட்டாளே!”

சிரிப்பு அடங்கியதும் சிஸ்டர் ஏழாம் எண்ணைக் கேட்டார். கொடைக்கானல் மலையிலிருந்து தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி விட்டுச் சென்ற பெட்டியில் கிடைத்த புத்தகம் அது. கறுப்புத் தோல் அட்டை. எழுத்து ஆங்கிலம்போல் இருந்தது, ஆங்கிலம் அல்ல. எங்கள் ஊரில் அப்படி ஒன்றைக் கண்டால் மாதா கோயில் பூசை மொழி என்றுதான் யாரும் முடிவு செய்வார்கள். நானும் செய்தேன்.

இரண்டு வரி படித்ததும் சிஸ்டர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். தோள்கள் குலுங்கின.

“செபமா? ஆத்தாடி! சந்தையில ஒரு ஆட்டுக்கு ரெண்டு பொம்பளைக அடிச்சுக்கிறாகய்யா. அய்யலூர் ஆட்டுச் சந்தை தோத்துப்போகும். இந்த வசவு அப்படியே எங்க அத்தை வாயி!”

பிறகு சிரிப்பு நின்றது. பக்கங்களை மெதுவாகத் திருப்பினார்.

“எங்க பாஷையில ஒரு கதை படிச்சு எட்டு வருசமாச்சு. மடத்துக்குக் கொண்டு போகட்டுமா? விழாவுல இதுல ஒண்ணப் பிள்ளைகளுக்குத் தமிழ்ல சொல்லுவேன்.”

புத்தகத்தின் முதுகில் இருந்த சிவப்புச் சீட்டைக் காட்டினேன். இரவல் கொடுப்பதற்கில்லை என்று பொருள். ஒட்டியவன் நானே. என்ன நூல் என்று புரியாததால் பத்திரப்படுத்தியிருந்தேன். இனிச் சீட்டை எடுக்க மதுரைத் தலைமை நூலகத்துக்கு எழுத வேண்டும். பதில் வர மூன்று மாதம் ஆகும்.

“இங்கயே உக்காந்து படிங்களேன் சிஸ்டர்.”

“ஆம்பளைக படிக்கிற எடத்துல நாங்க உக்காந்து படிக்கக் கூடாது. மடத்துச் சட்டம். மதர் விடமாட்டாக.” புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினார். “சட்டமுன்னா சட்டந்தேன்யா. எனக்கும் தெரியும்.”

சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வெளியே காத்திருந்த துணைச் சிஸ்டருடன் போய்விட்டார்.

“ரெண்டு பூட்டு,” என்றார் அட்டெண்டர். “சாவி ஒண்ணுங்கூட இல்ல. அதுல ஒரு பூட்டு நீங்க போட்டது.”

பட்டியலைப் பிய்த்து மறுபடி எழுதினேன். தலைப்பு: ‘மெக்சிகோவும் அதன் அண்டை நாடுகளும்’. ஏழாவது: ‘சந்தைக் கதைகள்’. எட்டாவதாக, வேளாண்மைத் துறையின் மிளகாய்ச் சாகுபடிக் கையேடு. அட்டெண்டருக்குப் பரம திருப்தி.

மாலை ஆறு மணிக்கு நூலக விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பாதிக்கு மேல் அது இருந்தது: பழுதுபட்ட எந்த நூலையும் கட்டு வேலைக்காக முப்பது நாள் வெளியே அனுப்பலாம். ‘எந்த நூலையும்’ என்றால் சிவப்புச் சீட்டு உள்பட. எங்கள் பழுதான நூல்களில் பாதி சிஸ்டரின் வகுப்புக்குத்தான் போய்க்கொண்டிருந்தன.

ஏழாம் எண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அட்டையைப் பிடித்துத் தொங்கவிட்டேன், உதறினேன். ஓர் ஏடுகூட அசையவில்லை. கட்டியவன் ஒரு தலைமுறைக்குக் கட்டியிருந்தான். நானோ பதினோரு வருட வேலையில் ஒரு பக்கத்தின் நுனியைக்கூட மடித்தவன் அல்ல. பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் புதன்கிழமை, ஏழே முக்காலுக்குத் திறந்தேன். நாளிதழ்களைக் கோப்பதற்கு முன், வீட்டிலிருந்து கொண்டுவந்த புதுச் சவர பிளேடை உறையிலிருந்து எடுத்து, ‘சந்தைக் கதைகள்’ முதுகுத் தையலில் மூன்று இழைகளை அறுத்தேன்.