றீற்றா அக்காவும் அந்த ஆறு நிமிடங்களும்

செய்தியைச் சொன்னவர் யோகன் அண்ணை. எங்கள் தொழிற்சாலையில் நெடுங்காலம் சுப்பவைசராக இருந்து ஓய்வுபெற்றவர். ஞாயிற்றுக்கிழமை காலை கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன், தொலைபேசி அடித்தது.

"பிள்ளை, றீற்றா மோசம் போயிட்டாவாம். விடியக்காலமை, ஆஸ்பத்திரியிலை."

கையிலிருந்த தக்காளியைத் திரும்ப வைத்தேன். பிறகு அவரே சொன்னார்: "எத்தினை மணிக்கெண்டு மகளிட்டைக் கேட்டன். அஞ்சு பதினேழாம். நான் திருப்பிக் கேக்கேல்லை. அந்த வீட்டிலை நேரத்தைப் பிழையாச் சொல்ல மாட்டினம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுமுனையில் அவரும் சிரித்தார். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. பக்கத்தில் வெங்காயம் எடுத்துக்கொண்டிருந்த பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி மகள் டிலானி கேட்டாள். றீற்றா அக்காவை அறிந்தவர்களுக்கு அவருடைய குரலையோ, மாதா கோயில் சமையலறையில் அவர் நடத்திய ஆட்சியையோ நான் சொல்லத் தேவையில்லை. நான் எழுதப்போவது அவர் என் வேலையைக் காப்பாற்றிய வாரத்தைப் பற்றி. அதைப் பாதி தெரிந்தவர்கள் பலர். யோகன் அண்ணையிடம் முதலில் அனுமதி கேட்டேன். "முழுக்க எழுது, பிள்ளை. செத்தவீட்டிலையும் சனம் என்னைப் பார்த்துப் பார்த்து அதைத்தான் கதைச்சது" என்றார்.

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், மின்சுவிட்சுகள் பொருத்தும் தொழிற்சாலை அது. நானும் றீற்றா அக்காவும் ஒரே மேசையில் எதிரெதிரே இருந்தோம். நான் யாழ்ப்பாணத்தில் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வந்தவள். ஆங்கிலம் வாசிப்பேன், ஆனால் வாய் திறக்க மாட்டேன். அவர் மன்னாரில் பத்தாம் வகுப்போடு நின்றவர். ஆங்கிலம் வாசிக்க மாட்டார், ஆனால் எவரோடும் பேசுவார். எங்கள் கூட்டு அப்படித்தான் தொடங்கியது. வரும் கடிதங்களை நான் வாசிப்பேன், போகும் சண்டைகளை அவர் போடுவார்.

ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு டிலானி அவருக்கு ஒரு கைமணிக்கூடு வாங்கிக் கொடுத்தாள். வானொலி அலையால் தன் நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வகை. ஆண்கள் கட்டுவதுபோலப் பெரியது. அக்காவின் மெல்லிய கையில் அது யாரோ கட்டிவிட்ட சாமானைப் போல உட்கார்ந்திருந்தது. மூன்று வாரத்தில் அதைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார். "பழுதான சாமான். ஒவ்வொரு நாளும் பின்னுக்குப் போகுது" என்பது முறைப்பாடு. கடைக்காரர்கள் சோதித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பிடிபடாமல் புதிதாக ஒன்றைக் கொடுத்தார்கள். அதை உடைக்காத பெட்டியோடு என்னிடம் நீட்டினார்.

"நீ படிச்சனிதானே. உந்தப் புத்தகத்தை வாசிச்சு ஒழுங்காச் செய்து தா."

டோர்செட் பார்க்கில், பதினோராம் மாடியில் இருந்த அவருடைய வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை போனேன். நகரங்களின் பட்டியலில் ரொறன்ரோ இல்லை. நியூயோர்க்கைத் தெரிவு செய்தேன்.

"நான் நியூயோர்க்கிலை இல்லையே!"

"ரெண்டு இடத்திலையும் ஒரே நேரம்தான், அக்கா."

கோடைகால நேரமாற்றத்தைத் தானாகச் செய்யும்படி வைத்தேன். இரவில் கழற்றி, யன்னலோரம் வெளியே பார்த்தபடி வைக்கச் சொன்னேன். அமெரிக்காவில் ஒரு நிலையம் அணுக்கடிகாரத்தின் நேரத்தை வானொலி அலையில் அனுப்புகிறது, ஊர் உறங்கும் நேரத்தில் மணிக்கூடு அதைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டார்.

அடுத்த வாரம் மறுபடியும் முறைப்பாடு. "இதுவும் பின்னுக்குப் போகுது. சரியாப் பத்து நிமிசம்."

சரியாகப் பத்து நிமிடமா? எனக்குச் சந்தேகம் வந்தது. "அக்கா, காலமை எழும்பி அதுக்கு என்ன செய்யிறனீங்கள்?"

"என்ன செய்யிறது? எல்லாரும் செய்யிறதுதான். பத்து நிமிசம் கூட்டி வைக்கிறன்."

எங்கள் வீடுகளில் ஒரு மணிக்கூடாவது சரியான நேரம் காட்டுமா? குசினியில் இருப்பது பத்து நிமிடம் முந்தி ஓடும், கூடத்தில் இருப்பது ஐந்து நிமிடம். பிந்தக்கூடாது என்று நாங்களே கூட்டி வைப்போம், பிறகு மனதுக்குள் நாங்களே கழித்துக்கொண்டு பிந்திப் போவோம். அக்கா ஒவ்வொரு காலையும் கூட்டினார். மணிக்கூடு ஒவ்வொரு இரவும் கழித்தது. இதைச் சொன்னபோது கண்ணை அகல விரித்தார்.

"அப்ப என்னைத் திருத்துறதுக்கெண்டே அமெரிக்காவிலை ஒருத்தன் முழிச்சிருக்கிறானோ?"

அன்று முதல் அவருக்கு அதன்மேல் பக்தி பிறந்துவிட்டது. பக்தி முற்றி, யன்னலில் இருந்ததை எடுத்து மாதா சொரூபத்துக்கு முன்னால் வைக்கத் தொடங்கினார். அலை வந்து சேர்ந்ததற்கான அடையாளம் திரையில் தோன்றவே இல்லை.

"மாதாவுக்கு முன்னாலை வைச்சா வராதோ?"

"மாதா பிரிட்ஜுக்கு மேலை இருக்கிறா, அக்கா. பிரிட்ஜ்தான் மறிக்குது."

மணிக்கூடு யன்னலுக்குத் திரும்பியது. மார்ச் மாதம் நேரம் மாறிய ஞாயிற்றுக்கிழமை அது தானாகவே ஒரு மணித்தியாலம் முன்னே பாய்ந்தது. திங்கள் காலை கையை உயர்த்திக்கொண்டுதான் வேலைக்குள் நுழைந்தார்: "நீங்கள் எல்லாரும் கதிரையிலை ஏறி மணிக்கூடு திருப்பினனீங்கள். நான் படுத்திருந்தனான்!"

அந்தத் திங்கள்தான் என் கெட்ட காலமும் தொடங்கியது.

எங்கள் வேலை காலை ஏழு மணிக்கு. வாசலில், வந்துபோகும் நேரத்தைப் பதியும் பஞ்ச் மெசினில் அட்டையைத் தேய்த்துவிட்டு உள்ளே போகவேண்டும். என் பஸ் ஆறு ஐம்பத்துமூன்றுக்கு இறக்கிவிடும். தொலைபேசியை லொக்கரில் வைத்துவிட்டு வர ஆறு ஐம்பத்தேழு ஆகும். அதற்கு முந்திய பஸ் இல்லை. மற்றவர்கள் காரில் முந்தியே வந்துவிடுவார்கள். பல மாதங்களாக இப்படித்தான் வந்தேன். அந்த வாரம் மெசின் எனக்கு ஏழு மூன்று என்றது. அடுத்த வாரமும் அப்படியே. இரண்டு எச்சரிக்கைகள் வந்தன. மூன்றாவது வந்தால் வேலை இல்லை.

என் கணவர் அப்போது முதுகில் சத்திரசிகிச்சை செய்து வீட்டில் படுத்திருந்தார். வேலைக்குப் போகக்கூடியவள் நான் ஒருத்திதான். பஸ் நிறுத்தத்திலிருந்து ஓடினேன். அப்போதும் ஏழு மூன்று. நான் மெதுவாக நடக்கிறேன், லொக்கரில் நேரத்தை வீணாக்குகிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஒருமுறை யோகன் அண்ணையிடம் நேரம் கேட்டேன். அவருடைய கையிலும் மெசினில் இருந்த அதே நேரம். அதற்குப் பிறகு சந்தேகமே இல்லை, பிழை என்னுடையதுதான்.

மதிய இடைவேளையில் அழுது சிவந்த என் கண்ணைப் பார்த்துவிட்டு அக்கா கேட்டார்: "எத்தினை மணிக்கு பஸ்ஸாலை இறங்கினனி?" சொன்னேன். "அப்ப எப்பிடி ஏழு மூண்டு வரும்? நீ என்ன, ஊர்ந்தா வாறனி?"

மறுநாள் காலை மெசினுக்குப் பக்கத்தில் கையைத் திருப்பிப் பிடித்தபடி நின்றார். நான் ஓடிவந்து அட்டையைத் தேய்த்தேன். மெசின் ஏழு மூன்று. அவருடைய மணிக்கூடு ஆறு ஐம்பத்தேழு.

"நீ பிந்தேல்லை. உதுதான் முந்திட்டுது."

ஆனால் பதிவு பதிவுதான். அன்று பின்னேரமே மனேஜர் கூப்பிட்டார். பொல்லாதவர் அல்ல, விதிப்படி நடக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. யோகன் அண்ணையும் அங்கே இருந்தார். மேசையில் ஒரு கடிதம்: நான் தொடர்ந்து பிந்தி வந்ததை ஏற்றுக்கொள்வதாக. பேனாவை எடுத்தேன். இதைச் சொல்ல இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. காலையில் இரண்டு நேரத்தையும் என் கண்ணால் பார்த்தவள், கையெழுத்திடத்தான் போனேன்.

கதவைத் தட்டாமல் றீற்றா அக்கா உள்ளே வந்தார். பேனாவை என் கையிலிருந்து எடுத்துத் தன் கொண்டையில் செருகினார்.

"மேடம், ஷி நொட் லேட். யுவர் மெசின் ஏர்லி."

மனேஜர் எழுந்து நின்றார். அக்கா மணிக்கூட்டின் பொத்தானை அழுத்திக் காட்டினார். அன்று அதிகாலை இரண்டு மணிக்கு நேரம் பெற்றதாகத் திரையில் வந்தது. "அமெரிக்கா டெலிங். எவ்ரி நைட் டெலிங். கம், கம்."

மனேஜர் வந்தார். வேலை முடித்துப் போக அட்டையோடு வரிசையில் நின்ற நாற்பது பேரும் விலகி வழிவிட்டார்கள். மெசின் மூன்று இருபத்துநாலு. அக்காவின் கை மூன்று பதினெட்டு. மனேஜர் தன் தொலைபேசியை எடுத்தார். மூன்று பதினெட்டு. மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, நேரம் மாறியபோது இந்த மெசினைச் சரிசெய்தது யார் என்று கேட்டார்.

யோகன் அண்ணை மெல்லச் சட்டைக் கையை இழுத்துத் தன் மணிக்கூட்டை மூடினார்.

"அண்ணை," என்றார் றீற்றா அக்கா, "கையைக் காட்டுங்கோ."

மூன்று இருபத்துநாலு.

"நான் எப்பவும் ஆறு நிமிசம் கூட்டித்தான் வைக்கிறனான்," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "இதைப் பார்த்து மெசினுக்கு நேரம் வைக்கேக்கை அது ஞாபகத்திலை இல்லை."

வரிசை முழுவதும் வெடித்துச் சிரித்தது. தமிழர்கள் சிரித்தார்கள், அவர்கள் சொல்லப் பிலிப்பீனியர்கள் சிரித்தார்கள், கடைசியில் மனேஜரும் சிரித்தார். அந்த இரண்டு வாரமும் நாங்கள் ஒவ்வொரு நாளும் ஆறு நிமிடம் முந்தியே வீட்டுக்குப் போயிருக்கிறோம். அதைப் பற்றி ஒருவரும் முறையிடவில்லை. மனேஜர் எல்லோருக்கும் முன்னால் கடிதத்தைக் கிழித்தார். இரண்டு எச்சரிக்கைகளையும் அழிப்பதாகச் சொல்லி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். யாரோ கைதட்டத் தொடங்க, அது கூரைவரை போனது.

"றீற்றா அக்கா, உங்களாலை இண்டைக்கு ஆறு நிமிசம் கூட நிக்கவேணும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"என்னைக் கேளாதை. அமெரிக்காக்காரனைக் கேள்!"

யோகன் அண்ணை அன்றைக்கே தன் மணிக்கூட்டை ஆறு நிமிடம் குறைத்தார். அக்கா பக்கத்தில் நின்று சரிபார்த்தார்.

மெசின் பிழை விடாது என்று யாராவது சொன்னால் அக்கா சொல்லுவார்: "அதுக்கு நேரம் வைச்சது ஆர் எண்டு கேள்." என்னைப் பற்றி அவர் சொன்னது இன்னொன்று: "உனக்கு உன்னைக் குற்றம் சொல்ல ஒரு சாட்டுப் போதும்." சிரித்துக்கொண்டு சொன்னார். நான் சிரிக்கவில்லை. அது உண்மை.

மணிக்கூட்டை இப்போது டிலானி கட்டியிருக்கிறாள். நான் வைத்திருப்பது வேறு. அதே தொழிற்சாலையின் அலுவலகத்தில் இன்று பிந்தியவர்களின் பட்டியல் என் மேசைக்குத்தான் வருகிறது. ஒரு பெயருக்கு எதிரே அடையாளமிடும் முன் எழுந்துபோய், அந்த ஆளை உட்காரவைத்து, என்ன நடந்தது என்று கேட்கிறேன். இதுவரை மூன்று தடவை பிழை எங்களுடையதாக இருந்தது. மூன்று தடவையும் அதை மனேஜரின் அறையில் நின்று நானே சொன்னேன், றீற்றா அக்கா. கதவு திறந்துதான் இருந்தது. வெளியில் எல்லோருக்கும் கேட்டது.