எதிர்த்தரப்பில் நின்ற மாயழகு அண்ணன்

நீதிமன்ற வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தும்போது போன் வந்தது. மாயழகு அண்ணனின் குமாஸ்தா. "மேடம், அண்ணே போயிட்டாரு. விடியக்காலம் நெஞ்சுவலின்னாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "யோவ், என்னய்யா சொல்ற? நேத்துச் சாயங்காலம்கூட என்னோட சண்டை போட்டாரேய்யா!" என்று கத்தினேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் ஸ்கூட்டியைத் திருப்பி அவர் வீட்டுக்கு ஓட்டினேன்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் மதுரை வக்கீல்கள் நீங்கள் எல்லோரும் எங்கள் சண்டையைப் பார்த்திருக்கிறீர்கள். விபத்தில் அடிபட்டவர்களுக்காக இழப்பீடு கேட்டு வாதாடுபவர் அவர். கொடுக்க முடியாது என்று சொல்லும் இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் நான். அவரைப் பற்றி நல்ல வார்த்தை பேச என்னைக் கூப்பிட்டதே அதிசயம்.

விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்த சமயம். கெடு நெருங்கும் நேரத்தில் அவருடைய கட்சிக்காரரான திருவாதவூர்க்காரர் ஒருவர், "கோயிலுக்குக் காப்புக் கட்டிட்டேன், ஊர் எல்லையத் தாண்டக்கூடாது" என்று உட்கார்ந்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அவரைத் திட்டியிருப்பார்கள். அண்ணன் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு தானே அந்த ஊருக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வந்தார். "சாமிக்கு ஒரு கெடு, சட்டத்துக்கு ஒரு கெடு. ரெண்டுக்கும் நடுவுல அந்த ஆளு என்னம்மா செய்வாரு?" என்றார்.

அவரிடம் எனக்குப் பிடிபடாத பழக்கம் ஒன்று இருந்தது. சாட்சிக்கு எதையும் சொல்லிக்கொடுத்து அழைத்துவர மாட்டார். ஏன் இப்படி வழக்கைக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்று ஒருநாள் டீக்கடையில் கேட்டேன். "நான் சொல்லிக்குடுத்தா அது என் சாட்சிம்மா. கூண்டுல ஏறுறது அவுகதானே?" என்றார். அந்தப் பிடிவாதத்தால் அவர் தோற்ற வழக்குகள் உண்டு. ஜெயித்தது நான்தான்.

சோழவந்தான் பேச்சியம்மாள் வழக்கிலும் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிப் பிழைத்தவர். வாடிப்பட்டி சாலையில் பஸ்ஸுக்கு நின்றவரை ஒரு வேன் இடித்துத் தள்ளியது. வலது கட்டைவிரலின் நரம்பு அறுந்து, விரல் மடங்காமல் போயிற்று. மருத்துவக் குழு போட்ட ஊன சதவீதம் குறைவுதான். ஆனால் உடம்பின் ஊனம் வேறு, பிழைப்பின் நஷ்டம் வேறு, இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிழைப்பு முழுதும் போயிற்று என்பதை அந்த அம்மாள் கூண்டில் நின்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால், கிடைப்பது ஆஸ்பத்திரிச் செலவுக்கே காணாது.

குறுக்கு விசாரணைக்கு எழுந்தேன். "வணக்கம்மா. இப்ப எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் தாயி."

நீதிபதி சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அடித்தார்: 'தற்போது நலமாக இருக்கிறேன்.' அது போதும் என்று நான் உட்கார்ந்துவிட்டேன். என் தொழில் அது, அதில் எனக்கு வெட்கம் கிடையாது.

அண்ணனின் முகம் கறுத்தது. மறுவிசாரணையில் தன் சாட்சியிடம் அவர் கேள்வி கேட்கலாம், ஆனால் பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்கக்கூடாது. வைத்தால் குதிப்பதற்கு நான் தயாராக இருந்தேன். அவர் எழுந்து பேச்சியம்மாளின் கையையே பார்த்தார். "கேட்கிறீர்களா, இல்லையா?" என்றார் நீதிபதி. பேச்சியம்மாள் என்ன தப்புச் செய்தோம் என்று புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"ஆத்தா, வெத்தல எப்படிக் கிள்ளுவீக?" என்றார் அண்ணன்.

பேச்சியம்மாள் வலது கையைத் தூக்கினார். ஆள்காட்டி விரல் மடங்கியது. கட்டைவிரல் குச்சி மாதிரி நின்றது. மறுபடியும் முயன்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். நீதிபதியிடம் அனுமதி வாங்கி எழுந்தேன். "இடது கை நல்லாத்தானே இருக்கு? அதுல கிள்ளலாமே?"

"சாமிக்கும் கல்யாணத்துக்கும் போற எல தாயி! பீச்சாங்கையால கிள்ளுனா கொடிக்காலுக்குள்ள விடுவாகளா?"

"நல்லா இருக்கேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எப்படி இருக்கேன்னு கேட்டா வேற என்னத்தச் சொல்றது? கேட்டவுககிட்ட அழுகவா முடியும்?"

ஒரு வார்த்தை விடாமல் டைப் ஆயிற்று. பிழைப்பு முழுதும் போனதாகவே தீர்ப்பு வந்தது. கம்பெனி உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போனது. அதிலும் வக்கீல் நான்தான். பணம் இன்னும் அந்த அம்மாள் கைக்கு வரவில்லை. அவர் போவதற்கு முதல் நாள் சாயங்காலம் போட்ட சண்டையும் அதைப் பற்றித்தான். "ஆத்தாளத் திரும்பக் கூட்டிட்டு வரவா? இன்னொரு கேள்வி கேக்குறியா?" என்று சீண்டினார். நான் வெடுக்கென்று ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். ஐயோ, அதுதான் கடைசிப் பேச்சு என்று யாருக்குத் தெரியும்!

சாவு வீட்டுப் பந்தலில் பேச்சியம்மாள் என்னை அடையாளம் கண்டு கிட்டே வந்தார். "இனி எனக்காக யாரு தாயி பேசுவா? நீங்க அம்புட்டு நல்லாப் பேசுறீகளே, நீங்களே பேசுங்களேன்."

"நான் உங்களுக்கு எதிரா நிக்கிறவம்மா. என்னால முடியாது."

அவர் கையைப் பிடித்து அண்ணனின் ஜூனியர் செல்வியிடம் அழைத்துப் போனேன். "அடுத்த வாய்தாவுக்கு முன்னாடி இவங்களுக்கு வக்காலத்துப் போட்டுரு. எதிர்ல யாரும் வரலைன்னா நான் ஒத்தையாப் பேசி முடிச்சிருவேன்."

"என்ன மேடம், நெசமாவா சொல்றீங்க?"

"நெசமாத்தான். விடமாட்டேன்."

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானும் விடமாட்டேன்," என்றாள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பயம். பதிலைச் சொல்லிக்கொடுக்காமல் கூண்டில் நிற்பவரிடம் கேள்வியைப் போட்டுவிட்டு, என்ன வருமோ என்று காத்திருக்கும் பயம். அந்தப் பயம் இல்லாமல் இனி ஒரு வழக்கில்கூட நான் ஜெயிக்க வேண்டாம்.