மணிப்பூக் குடும்பத்து மாப்பிள்ளை

அம்சவேணி இன்று திருப்பதியில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறாள். மாணவிகளுக்கு அவளைக் கண்டால் பயம். செடியின் பெயரைத் தப்பாகச் சொன்னால் பொறுத்துக்கொள்வாள்; பூவைப் பிரித்துப் பார்க்காமல் புத்தகப் படத்தைப் பார்த்து எழுதினால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். புத்தூரில் நெல்லும் கரும்பும் வைத்த குடும்பத்துப் பெண். என் அக்கா செங்கம்மாளின் ஒரே மகள். முறைப்படி பார்த்தால் அவள் என் மனைவியாக இருந்திருக்க வேண்டும். வாசகர்கள் கைக்குட்டையை எடுக்க வேண்டாம்.

எனக்குத் திருத்தணியில் வீடு, கொஞ்சம் நிலம். தொழில், வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதி ஊரை அழ வைப்பது. என் கதாநாயகிகள் எல்லோருக்கும் அம்சவேணியின் கண்களும் பின்னலும்தான். முதல் தொடரில் அவளைக் காசநோய் கொண்டுபோயிற்று. இரண்டாவதில் பிச்சாட்டூர்ப் பக்கம் ஆரணியாற்றில் விழுந்து உயிரை விட்டாள். அதைப் படித்துவிட்டு நிஜ அம்சவேணி கேட்டது இதுதான்: "மாமா, சித்திரை மாசத்துல அந்த ஆத்துல தண்ணி ஏது?"

ஆந்திரம் தனி மாநிலமான நாளிலிருந்தே எங்கள் பக்கத்தில் ஒரே பேச்சு: எந்த ஊர் எந்தப் பக்கம்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது பிறந்தபோது விஷயம் தெளிவாகிவிட்டது. புத்தூர் ஆந்திரத்திலேயே இருக்கும். திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போகும். மற்றவர்கள் வரைபடத்தைப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தாள்.

"கோடு நடுவுல வந்து உழறதுக்குள்ள பரிசம் போட்டுடணும். அப்புறம் இவன் வேற ஸ்டேட்டுக்காரனாப் பூடுவான்" என்றாள்.

அம்சவேணி அப்போதுதான் பி.எஸ்ஸி. முடித்து, திருப்பதியில் எம்.எஸ்ஸி. படிக்க இடம் வாங்கியிருந்தாள். அக்கா அதற்குச் சொன்ன பதில் என் தலையிலும் விழுந்தது. "படிச்சது போதும். இனிமே உங்க மாமன் எழுதற கதையப் படிச்சிக்கினு இரு."

பரிசம் பேச நாள் குறித்ததும் நான் முதல் நாளே புத்தூர் போய்விட்டேன். சென்ட் பூசிக்கொண்டு போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்சவேணி என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். அங்கே ஒரு டால்டா டப்பாவில் மெலிந்த செடி ஒன்று. மதனபள்ளிப் பக்கம் ஹார்ஸ்லி மலைக்குக் கல்லூரியில் கூட்டிப்போனபோது வேரோடு எடுத்து வந்ததாம். உச்சியில் விரல் நுனி அளவுக்கு நீலப் பூக்கள், கோயில் மணி போல.

"இது காம்பானுலேசி குடும்பம். மணிப்பூக் குடும்பம்னு வெச்சிக்கோ" என்று ஓர் இலையைக் கிள்ளினாள். வெள்ளையாகப் பால் வந்தது.

"தாய்மை!" என்றேன்.

"தாய்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆடு மாடு துன்னாம இருக்கறதுக்கு. பூவப் பாரு. அஞ்சு இதழும் அடியில ஒண்ணாச் சேர்ந்துக்கினு இருக்குது. சூலகம் இதழுக்கு மேல இல்ல, கீழ இருக்குது."

"அடக்கம்" என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. ஒரு மொட்டைப் பிரித்தாள்.

"மொக்கா இருக்கறப்பவே மகரந்தப் பை அஞ்சும் நடுத்தண்டச் சுத்தி நின்னுக்கினு, இருக்கற தூளெல்லாம் அது மேல அப்பிடும். பூ விரியறதுக்குள்ள அதுங்க வாடிப் பூடும்."

எல்லாவற்றையும் பூமகளிடம் கொடுத்துவிட்டு, அவள் மலர்வதைக் காணாமலே மடிகிற அந்த ஐவரை நினைத்து நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அழுவாத மாமா, இன்னும் முடியல. அந்தத் தூளத் தேனீ வந்து எடுத்துக்கினு போவும். அப்புறந்தான் தண்டோட நுனி மூணாப் பிரியும். பிரிஞ்சாதான் வேற பூவோட தூள வாங்கிக்க முடியும். மொதல்ல ஆம்பள, அப்புறமா பொம்பள. எதுக்கு இத்தன ஏற்பாடு? சொந்தத்துக்குள்ளயே சேரக் கூடாதுன்னுதான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். ஐம்பது வாரத் தொடருக்கு முடிச்சுப் போடுகிறவனுக்கு இது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நீ எனக்கு வாணாம் மாமா. உம்மேல கோவம் இல்ல. நான் படிக்கணும். முறை உன்னுது. நீயா உட்டாதான் அம்மா அடங்கும்."

அன்று மாலை முழுவதும் நான்தான் உலகத்திலேயே பெரிய தியாகி. ரயிலடி வரை நடந்து போய், மறுநாள் பேச வேண்டிய வசனத்தை ஒத்திகை பார்த்தேன். அரக்கோணம் வண்டி புகையோடு போனது இன்னும் உதவியாக இருந்தது.

மறுநாள் பங்காளிகள் கூடினார்கள். பெரிய தலை ரங்கையா, குடும்பத்தில் எதையும் முடித்துவைக்கிறவர். நான் வாயைத் திறப்பதற்கு முன் அம்சவேணியே டால்டா டப்பாவோடு கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"ஏமம்மா அது? கீரையா?" என்றார் ரங்கையா. எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு அடங்கும்வரை நின்று, எனக்குச் சொன்னதையெல்லாம் அவருக்கும் சொன்னாள். அவர் கரும்பு வைக்கிறவர். பூவை வாங்கிக் கண்ணருகே வைத்துக் கவனமாகக் கேட்டார்.

"சரிம்மா. தேனீ வரலன்னா?"

ஒரு பொய், ஒரே ஒரு பொய் சொல்லிவிடு என்று நான் மனத்துக்குள் கெஞ்சினேன். என் தொடர்களில் வருகிறவர்கள் அதை அத்தியாயக் கணக்கில் சொல்வார்கள். அவள் சொல்லவில்லை.

"வரலன்னா, பிரிஞ்ச நுனி பின்னால சுருண்டுக்கும். தண்டுல மிச்சம் மீதி ஒட்டிக்கினு இருக்கற சொந்தத் தூளையே தொட்டுக்கும்."

கூடம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. மிச்சம் மீதி நான்தான்.

"அதாண்டி நானும் சொல்றேன்!" என்றாள் அக்கா. "நம்ம வாசல்ல எந்தத் தேனீ வந்து நின்னுச்சி?"

இனி பொறுப்பதற்கில்லை. நான் எழுந்தேன். மேல்துண்டைச் சரிசெய்துகொண்டேன். "அக்கா! இந்தத் திருமணம் வேண்டாம். என் இதயத்தை நானே பிடுங்கி எறிந்துவிட்டு..."

"மாப்ள முறுக்கிக்கினாரு டோய்!" என்று யாரோ கத்தினார்கள். ஒரே கும்மாளம்.

எங்கள் குடும்பங்களில் இது ஒரு சடங்கு. பரிசத்தன்று தாய்மாமன் வேண்டாம் என்று முறைத்துக்கொள்ள வேண்டும். பெண் வீட்டார் ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தந்து சமாதானம் செய்ய வேண்டும். கடைசியில் பெண்ணின் தாய் கையைப் பிடித்து அழைத்துப்போய் இலையில் உட்கார வைப்பாள். அதோடு பெண் அவனுக்கு என்று அர்த்தம்.

நான் தியாகம் என்றேன். சைக்கிள் தருவதாகச் சொன்னார்கள். என்னை மறந்துவிடுங்கள் என்றேன், கைக்கடிகாரம் சேர்ந்தது. குரல் உடைந்து கண்ணீர் வந்தது. அக்கா கிணற்றோரத்து நன்செயையே எழுதிவைப்பதாகச் சொல்லிவிட்டாள். நான் மறுக்க மறுக்கக் கல்யாணம் உறுதியாகிக்கொண்டிருந்தது.

அம்சவேணி அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னாள்: "தயவுபண்ணி பேசாத மாமா. பேசப் பேச நெலம் சேந்துக்கினே போவுது."

வாயை மூடினேன். பின்கட்டில் விருந்தாளிகளுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் கூப்பிடாமல் நானாகவே போய், சத்தியவேட்டுக்காரர்கள் இருவருக்கு நடுவில் உட்கார்ந்தேன். இலையில் தண்ணீர் தெளித்தேன். கத்தரிக்காய்க் குழம்பைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தேன்.

சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. அக்கா ஓடி வந்தாள்.

"டேய் ரத்தினம், இன்னாடா பண்ற? நான் இன்னும் கூப்டவே இல்லியே!"

"பசிக்குதுக்கா."

"எழுந்துருடா! முறை பூடும்டா!"

"ரசம் இருக்குதா?"

ரங்கையா பின்கட்டு வாசலில் வந்து நின்று என் இலையைப் பார்த்தார். "வதிலேய் செங்கம்மா, உட்டுடு. துன்னுட்டான். இனிமே அவன் மாப்ள இல்ல, விருந்தாளி."

அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ரசத்தை அம்சவேணியே கொண்டுவந்து ஊற்றினாள். ஊற்றிய அவசரத்தில் பாதி என் வேட்டியில் விழுந்தது. நன்றி என்றோ தெய்வம் என்றோ அவள் சொல்லவில்லை. "மெதுவாத் துன்னு மாமா, மோர் வருது" என்றாள்.

அந்த ஜூனில் அவள் ரயிலேறித் திருப்பதி போனாள். அதற்குள் திருத்தணியும் சென்னை மாநிலத்துக்குப் போய்விட்டது. இப்போதும் நான் புத்தூர் போனால், அக்கா வீட்டு ஆட்களையெல்லாம் காக்கவைத்துவிட்டு எனக்குத்தான் முதலில் இலை போடுகிறாள், அசலாருக்குப் போடுவதுபோல. எனக்கும் அவர்களோடு அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடத்தான் ஆசை. இதுவரை கேட்கவில்லை.